சாது மலையும் சர்க்கரைப் பாகும்

அலுவலக வாசலில் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. கார் அதைத் தாண்டும்வரை அவர் மாமா. தாண்டிவிட்டால் சார். எரிமலை ஆய்வு நிலையத்தின் இயக்குநர் தாமே போட்ட சட்டம் இது. அதே நிலையத்தில் ஆய்வாளராக இருப்பவள் தம் வீட்டு மருமகள் என்பது காவலாளி முதல் கேன்டீன் பூனை வரை எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் உறவை உள்ளே விட்டால் ஒழுங்கு வெளியே போய்விடும் என்பது அவருடைய கொள்கை. அதனால் மருமகள் காரில் தொடங்கும் வாக்கியங்கள் பல, மாமாவுக்கென்று புறப்பட்டுச் சாரிடம் போய்ச் சேர்ந்தன.

அன்று காலையும் அப்படித்தான்.

“மாமா, அந்தப் பாகு விஷயம். வாரக் கடைசியிலேருந்து ஏசியிலயே கிடக்கு. இந்நேரம் அது இறுகிப்போய்...”

காவலாளி கம்பியைத் தூக்கினார்.

“...இருக்கும் சார்.”

“டாக்டர்,” என்றார் இயக்குநர், காரை விட்டு இறங்கிக் கோட்டை நீவிவிட்டபடி. “இன்னிக்கு முக்கியமான நாள். சின்னச் சின்ன விஷயத்தையெல்லாம் தூக்கிட்டு வராதீங்க.”

வீட்டில் ‘ஏம்மா’, அலுவலகத்தில் ‘டாக்டர்’. வீட்டில் பேச்செடுத்தால் ஆபீஸ் விஷயத்தை ஆபீஸில் பேசலாம் என்பார். ஆபீஸில் எடுத்தால் நேரம் வாங்கிக்கொண்டு வரச் சொல்வார். காரில் பேசலாமென்றால் தூரம் போதாது.

ஊருக்குப் பின்னால் நிற்கும் கரிய மலை எப்போதும் லேசாகப் புகையும். சில வருடங்களுக்கு ஒருமுறை வழியும். அதன் வயிற்றில் இருப்பது பசால்ட் குழம்பு, எரிமலைக் குழம்புகளிலேயே நீர்த்த ஜாதி. உள்ளே கரைந்திருக்கும் ஆவி குமிழ் குமிழாகப் பிரியும். குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, மேலே வந்து உடைந்து, காற்றோடு போய்விடும். ஆவி போன குழம்பு சாவகாசமாகச் சரிவில் இறங்கும். போன முறை ஜனங்கள் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார்கள். இதை வைத்து இயக்குநர் தம் பணிக்காலம் முழுக்க ஒரே கருத்தைச் சொல்லிவந்தார்: நம் மலை பொங்கும், வெடிக்காது. ‘சாது மலை’ என்று பட்டமும் கொடுத்தார். நிலையத்தின் காபிக் கோப்பைகளில் அந்த வாசகத்தை அச்சடித்தும் விட்டார்கள். கோப்பையில் ஏறிவிட்ட கருத்தை இறக்குவது லேசுப்பட்ட காரியமல்ல.

மருமகளுக்கு அந்த மலையின் நன்னடத்தையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அடிவாரத்தில் சாலை போடுவதற்காக வெட்டிய மண்சுவரில் அவள் ஒரு சாம்பல் அடுக்கைக் கண்டுபிடித்திருந்தாள். அந்தச் சாம்பலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு துணுக்கும் கடற்பஞ்சுபோலத் துளைத்துளையாக இருந்தது. துளைகளுக்கு நடுவே ஊசி ஊசியாகப் படிகங்கள். அதே பசால்ட்தான். ஆனால் வழிந்து வந்ததல்ல. சுக்குநூறாகச் சிதறி வானத்துக்குப் போய்விட்டு விழுந்தது.

அவள் கணக்கு இதுதான். குழம்பு மெதுவாக மேலே வந்தால் குமிழுக்கு நழுவிப்போக நேரம் கிடைக்கும். அவசரமாக வந்தால் கிடைக்காது. வருகிற வேகத்தில் அழுத்தம் சட்டென்று குறைய, ஆவி பிரிய, ஆவியை இழந்த குழம்பில் படிகங்கள் மளமளவென்று முளைக்கும். நீர்த்த குழம்பு கெட்டியாகிவிடும். நகர முடியாமல் மாட்டிக்கொண்ட குமிழ்கள் உள்ளேயே உப்பும். கடைசியில் குழம்பு முழுவதும் ஒரே மூச்சில் உடையும்.

“அது பக்கத்து மலைச் சாம்பல்,” என்று இயக்குநர் முடித்துவிட்டார். “காத்துல வந்திருக்கும்.”

பக்கத்து மலை எங்கே என்று கேட்டால் கடலுக்கு அந்தப் பக்கமாகக் கை காட்டுவார்.

இந்த வாக்குவாதம் நுண்ணோக்கியோடு நின்றிருந்தால் யாருக்கும் கஷ்டமில்லை. மலையின் வாய் விளிம்பில், உறுதியான பாறை மேடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்ற இடமெல்லாம் காலை வைத்தால் சரியும். அந்த மேடையில் வாயுக்களை அளக்கும் கருவியை வைக்க வேண்டும் என்பது மருமகளின் கோரிக்கை. குழம்பு அவசரமாக ஏறத் தொடங்கினால், வெளிவரும் வாயுக்களின் கலவை மாறும். கருவி முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். அதே மேடையில் இயக்குநர் கண்ணாடிச் சுவர் வைத்த பார்வையாளர் மண்டபம் கட்ட நினைத்தார். விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக வந்து எரிமலையின் வாய்க்குள் எட்டிப் பார்க்கலாம். அவர் ஓய்வு பெறப்போகிற வருடம் அது. மண்டபத்து வாசலில் ஒரு கல் பதிப்பார்கள். கல்லில் யார் பெயர் இருக்கும் என்பதை அவர் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அடக்கமானவர்.

மேடையில் எது வரும் என்று முடிவுசெய்ய இன்று ஒரு குழு வருகிறது. மண்டபம் என்று முடிவானால், மலைக்குக் கோபம் வரும் நாளில் அதன் முகத்துக்கு நேரே நூற்றுக்கணக்கான பேர் நிற்பார்கள். மருமகளுக்கு அந்த நினைப்பில் சில வாரங்களாகச் சோறு இறங்கவில்லை.

மாமியார் அன்று காலை சாப்பாட்டு மேசையிலேயே பேச்சைத் தொடங்கிவைத்திருந்தார்.

“ஏங்க, வெடிக்க மாட்டேன்னு அந்த மலை உங்களுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துச்சா?”

“முப்பது வருஷமா பாத்துட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?”

“என்னையும்தான் முப்பது வருஷமா பாக்கறீங்க.”

இயக்குநர் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை ஒரு கணம் நிறுத்தினார். பிறகு, ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசக்கூடாது என்று நினைவூட்டினார்.

குழுவுக்குக் காட்டுவதற்காக அவர் ஒரு செய்முறை ஏற்பாடு செய்திருந்தார். கூட்ட அறையின் நடுவே இடுப்புயரத்தில் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாய். அதற்குள் பாகு. அடியிலிருந்து கம்ப்ரஸர் காற்றை அனுப்பும். பாகு எரிமலைக் குழம்பு, காற்று ஆவி. குமிழ்கள் அழகாக மிதந்து வந்து மேலே ‘ப்ளக்’ என்று உடைந்து போகும். அவ்வளவுதான். பார்த்தவர்களுக்கு மலைமேல் பாசமே வந்துவிடும்.

இதற்கென்றே ஆய்வகத்தில் குளுக்கோஸ் பாகு இருக்கிறது. படிகம் கட்டாது, வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். “பாக்கறதுக்குக் கஷாயம் மாதிரி இருக்கு,” என்று இயக்குநர் அதை ஒதுக்கிவிட்டார். கேன்டீனில் சொல்லிச் சாதாரணச் சர்க்கரையைக் காய்ச்சி, சிவப்புச் சாயம் கலந்து ஊற்றவைத்தார். பளபளப்புக்காக இன்னும் சர்க்கரை, மினுமினுப்புக்காக அதன்மேலும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருந்தது. குழாயின் தலையில், பெயர்ப்பலகை எழுதுகிறவர் சுண்ணக்களிமண்ணில் செய்து கொடுத்த குட்டி மலை ஒன்றைக் கவிழ்த்து இறுக்கியிருந்தார்கள். மலையின் வாய் குறுகலாக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று வாயையும் சுருக்கியாகிவிட்டது. போன தடவை குழுத் தலைவி ஃபைலால் விசிறிக்கொண்டதை மறக்காமல், அறையின் ஏசியை வாரக் கடைசியிலேயே முழு வேகத்தில் போட்டு, யாரும் அணைக்கக்கூடாது என்று உத்தரவும் போட்டிருந்தார்.

மருமகள் அறைக்குள் நுழைந்ததும் அவளுக்குக் குளிரில் பல் கிட்டியது. குழாயருகே போய்ப் பார்த்தாள். சிவப்புப் பாகுக்குள் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் பொடி மிதந்தது.

“சார், சர்க்கரை படிகம் கட்டிடுச்சு. இதுல காத்து விட்டா மேல வராது, உள்ளயே மாட்டிக்கும். இதை எடுத்துட்டு நம்ம குளுக்கோஸ் பாகையே ஊத்திடலாம். கொஞ்ச நேர வேலைதான்.”

“படிகம் இருந்தா இன்னும் நல்லது. ஒரிஜினல் மாதிரி தெரியும்.”

“ஒரிஜினல் மாதிரி நடந்துக்கவும் செய்யும் சார்.”

“டாக்டர், உங்க சாம்பல் கட்டுரை வேற, என் செய்முறை வேற.”

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. குழு வந்துவிட்டது.

குழுவில் மூன்று பேர். தலைவி நரைத்த கிராப்புத் தலையும் வெள்ளைச் சட்டையுமாக, பேசுவதற்கு வரி கட்டவேண்டும் என்பதுபோல வார்த்தைகளை அளந்து விடுகிறவர். அடுத்தவர் எந்த ஊரில் எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும் கார் நிறுத்த இடம் உண்டா என்று மட்டும் கேட்பவர். அவரை எல்லோரும் ‘பார்க்கிங்’ என்றே அழைத்தார்கள். மூன்றாமவர் எண்ணிக்கைக்கு.

இயக்குநர் பேசத் தொடங்கினார். பூமி ஒரு நெருப்புக் கோளமாக இருந்த காலத்திலிருந்து புறப்பட்டார். கண்டங்கள் நகர்ந்தன. கடல்கள் குளிர்ந்தன. மூன்றாமவர் கோட்டுப் பித்தான்களைப் போட்டுக்கொண்டார்.

“பூமி உருவானதை நாங்க ஒத்துக்கறோம் சார்,” என்றார் தலைவி. “மலைக்கு வாங்க.”

“மலைக்குத்தான் வந்துட்டிருக்கேன் மேடம்.”

“மேடைக்கிட்ட கார் போகுமா?” என்றார் பார்க்கிங்.

இயக்குநர் கம்ப்ரஸரைத் தட்டிவிட்டு, பேச்சைக் குறைத்துக்கொள்ளாமலே காற்றுக் குழாயைத் திறந்தார். அடியில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் பிறந்தன. பிறந்த இடத்திலேயே நின்றன. பின்னால் வந்தவை முன்னால் நிற்பவற்றின் முதுகில் முட்டி அங்கேயே ஒட்டிக்கொண்டன. நுரை கட்டியது. ‘ப்ளக்’ வரவில்லை.

“அவசரப்படாம வருது பாருங்க,” என்றார் இயக்குநர். “அதான் இதோட குணம்.”

எல்லோரும் பார்த்தார்கள். குணம் அப்படியே நின்றது.

அவர் காற்றைக் கொஞ்சம் கூட்டினார். பிறகு தாராளமாகக் கூட்டினார். நுரை பாதிக் குழாய்க்கு ஏறியது. அதன்மேல் இருந்த பாகு முழுவதையும் அது மெல்ல மேலே தள்ளிக்கொண்டு போக, பாகின் தலை சுண்ண மலையின் குறுகிய வாயில் போய் அடைத்துக்கொண்டது. அங்கேதான் ஏசிக் காற்று நேராக அடித்துக்கொண்டிருந்தது.

“சார், போதும். நிறுத்திடலாம்.” மருமகள் குரலை உயர்த்தவில்லை. “மேடம், நீங்க எல்லாரும் கொஞ்சம் பின்னாடி வந்து நின்னுக்கறீங்களா?”

“வேண்டாம் வேண்டாம், முன்னாடி வாங்க,” என்றார் இயக்குநர். “இதுல பயப்பட ஒண்ணுமில்லன்னு காட்டத்தானே கூப்பிட்டிருக்கேன். கிட்ட வந்து வாய்க்குள்ள எட்டிப் பாருங்க. மண்டபத்துல நின்னா இப்படித்தான் தெரியும்.”

பார்க்கிங் முன்னால் போனார். மூன்றாமவர் அவர் பின்னால் போனார். தலைவி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மருமகளின் பக்கத்தில் வந்து நின்றார். மருமகள் நேரே சுவரோரம் போய் கம்ப்ரஸரின் வயரைப் பிடுங்கினாள். இரைச்சல் நின்றது. ஆனால் ஏற்கெனவே உள்ளே போன காற்று உள்ளேதான் இருந்தது. சுவிட்சுக்கு அது கட்டுப்படாது.

வந்த அமைதியை இயக்குநர் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். குட்டி மலையின் வாய்மேல் குனிந்து, ஒரு தகப்பனின் பெருமையோடு சொன்னார்:

“பாத்தீங்களா? என்ன ஒரு சாது.”

முதலில் ஒரு விக்கல் சத்தம். மலையின் வாயில் இறுகியிருந்த அடைப்பு பிய்த்துக்கொண்டு போய் உத்தரத்தில் அடித்தது. அது விட்ட வழியில், குழாய்க்குள் நசுங்கிக் கிடந்த அத்தனை குமிழ்களும் ஒரே சமயத்தில் உப்பின. சிவப்பு நுரை இடுப்புயரக் குழாயிலிருந்து ஆளுயரத்துக்கு எழும்பியது. சுண்ண மலையும் கூடவே கிளம்பி, விளக்கு மூடியில் போய்ச் சிக்கித் தலைகீழாகத் தொங்கியது.

“மருமகளே...” என்று ஓர் அலறல் கேட்டது. தடுப்புக் கம்பிக்கு உட்பட்ட பகுதியில் அந்தச் சொல் ஒலித்தது அதுவே முதல் முறை.

யாருக்கும் அடிபடவில்லை. இயக்குநருக்குத் தலை, முகம், கோட்டு எல்லாம் சிவப்பு. பார்க்கிங்குக்குச் சட்டையின் இடப்பக்கம். மூன்றாமவரும் குழுவில் இருந்தார் என்பதற்கு இப்போது சாட்சி கிடைத்தது. தலைவியின் பூட்ஸ் நுனியில் மட்டும் ஒரு துளி. அவர் குனிந்து தரையில் விழுந்த துணுக்கு ஒன்றை எடுத்தார். துளைத்துளையாக இருந்தது.

“டைரக்டர் சார்,” என்றார் நிதானமாக. “இதைத்தான் காட்ட நினைச்சீங்களா?”

இயக்குநர் வாயைத் திறந்தார். மீசையிலிருந்த பாகு உள்ளே போனது.

மருமகளுக்கு அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. விபத்து என்று சொன்னால் பழி கேன்டீனுக்குப் போகும். அடுத்த மாதம் நல்ல பாகாக ஊற்றி, ‘ப்ளக்’ என்று காட்டி, மண்டபத்தை வாங்கிவிடுவார். தப்பு சாருடையது என்று சொன்னால் மனிதர் உயிரே போனாலும் விடமாட்டார். மண்டபத்தை மலையின் உள்ளேயே கட்டினாலும் கட்டுவார்.

“ஆமாம் மேடம்,” என்றாள். “சார் காட்ட நினைச்சது இதைத்தான்.”

இயக்குநரின் கண்கள் பாகுக்கு நடுவே அகலமாக விரிந்தன.

“அதே பாகு, அதே குழாய். இளஞ்சூட்டுல மெதுவா காத்து விட்டா குமிழ் தன் வழியில போயிடும். பாகு கெட்டியாகி, காத்தும் அவசரமா வந்தா குமிழ் மாட்டிக்கும். அப்புறம் இப்படித்தான். நம்ம மலை ஒரு தடவை இப்படிப் பண்ணியிருக்கு. சாம்பல் அடிவாரத்துல இருக்கு. நீங்க கையில வெச்சிருக்கற துணுக்கு மாதிரியேதான் இருக்கும்.” இயக்குநரின் பக்கம் கை காட்டினாள். “மேடையில மண்டபம் கட்டினா ஜனங்க எங்க நிப்பாங்கன்னு காட்டறதுக்காகத்தான் சார் தானே அங்க போய் நின்னார்.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். முட்டாளாக இருப்பதா, தீர்க்கதரிசியாக இருப்பதா என்று அவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. புருவத்திலிருந்து ஒரு சிவப்புத் துளி புறப்பட்டு மீசைக்கு வந்து சேரும்வரை நேரம் எடுத்துக்கொண்டார்.

“சும்மா வாயால சொன்னா,” என்று கரகரத்தார், “மனசுல பதியாது மேடம்.”

“பதிஞ்சுது,” என்றார் பார்க்கிங், சட்டையைப் பார்த்து.

“அதுக்காகத்தான் உங்களை முன்னாடி வரச் சொன்னேன்.” குரலில் பழைய களை ஏறத் தொடங்கியது. “அறிவியல்ல உடம்பைப் பத்திக் கவலைப்பட்டா ஆகுமா?”

தலைவி மருமகளை ஒரு பார்வை பார்த்தார். முழுக்கப் புரிந்துகொண்டு எதையும் சொல்லாமல் விடுகிற பார்வை.

“அப்ப மண்டபம்?” என்று கேட்டார்.

இயக்குநர் மேலே பார்த்தார். விளக்கு மூடியில் தொங்கிய குட்டி மலையிலிருந்து ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. கல், கல்லில் எழுத்து, கண்ணாடிச் சுவரில் படும் மாலை வெயில், எல்லாம் அவர் முகத்தைக் கடந்து போவது தெரிந்தது. அந்த ஒரு இடத்தில் மட்டும் மருமகளுக்கே அவர்மேல் இரக்கம் வந்தது.

“அடிவாரத்துல,” என்றார் மெல்ல. “மேடையில கருவி.”

“அடிவாரத்துல எவ்வளவு கார் வேணும்னாலும் நிறுத்தலாம்,” என்றார் பார்க்கிங். அன்று மனம் நிறைந்து திரும்பியவர் அவர்தான்.

மாலையில் காரின் இருக்கையில் செய்தித்தாளை விரித்துப்போட்டு அதன்மேல் இயக்குநர் உட்கார்ந்தார். கம்பியைத் தாண்டியதும்தான் வாயைத் திறந்தார்.

“நான் வேணும்னே பண்ணதா அவங்க நம்பிட்டாங்கல்ல?”

“நம்பிட்டாங்க மாமா.”

“நீ நம்பறியா?”

“ஆபீஸ் விஷயத்தை நான் கார்ல பேசறதில்ல மாமா.”

வீட்டு வாசலில் மாமியார் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். விரலால் தலைமுடியைத் தொட்டார். அது கல்லாகியிருந்தது.

“என்னங்க, உங்க சாது எப்படி இருக்கு?”

“வெடிக்க வெச்சுக் காட்டினேன்.”

“நல்லது. குளிக்கப் போறப்போ சொல்லுங்க, சுத்தியல் எடுத்துத் தர்றேன்.”

மழைக்காலத்துக்கு முன்பே கருவி மலை விளிம்பில் ஏறிவிட்டது. ஏற்றிய அன்று இயக்குநரும் போய், எல்லோரையும் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தாம் எல்லோருக்கும் பின்னால் நின்று நீண்ட உரை ஆற்றினார். காற்று பலமாக இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. கோப்பைகளில் பழைய வாசகம் அப்படியே இருக்கிறது. கழுவக் கழுவ அழிந்துவிடும் என்று நிர்வாகம் நம்புகிறது.

ஒரு நாள் மத்தியானம், ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லாதபோது, அவர் நேரம் வாங்காமல் மருமகளின் அறைக்கு வந்தார்.

“அந்தச் சாம்பல் இருக்கா?”

அவள் எழுந்து இடம் விட்டாள். அவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார். துளைகள். துளைகளுக்கு நடுவே ஊசிகள். அன்று தம் தலையிலிருந்து சீப்பால் பெயர்த்தெடுத்ததும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கை தானாகத் தலையைத் தடவியது.

“பக்கத்து மலை பாவம்மா,” என்றார், கண்ணை எடுக்காமலே. “இத்தனை வருஷமா அது மேல பழி போட்டுட்டேன்.”

டாக்டர் அல்ல, அம்மா. மருமகள் அதைக் கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் நிமிர்ந்து கோட்டை நீவிவிட்டார். முகம் மறுபடி இயக்குநர் முகமாகிவிட்டது.

“அடுத்த மாசக் கூட்டத்துல இதைப் பத்தி நானே பேசலாம்னு இருக்கேன். விரிவா.”

“பேசுங்க சார்,” என்றாள் அவள். “ஏசியை மட்டும் நான் பாத்துக்கறேன்.”